நான்கு நிமிடம் பத்து விநாடி

செப்டம்பர் 30, திங்கள்

2515.

இந்த எண்ணைப் பற்றி ஒருமுறை எழுதிவைத்துவிடுகிறேன். பிற்காலத்தில் யாராவது இந்த டைரியைப் புரட்டினால் என்னைக் கிறுக்கன் என்று நினைக்கக் கூடாது. எங்கள் சாயப்பட்டறையின் சர்வர் ஒரு நொடிகூட நிற்காமல் ஓடிய நாட்களின் எண்ணிக்கை இது. நூலில் எந்த நிறம் ஏற எந்தச் சாயம் எத்தனை கிராம் என்கிற பதினோராயிரம் ரெசிப்பிகளும் அந்தப் பெட்டிக்குள்தான் இருக்கின்றன. அது படுத்தால் பட்டறையும் படுக்கும். ஊரடங்கு சமயத்தில் போலீஸ்காரரிடம் கெஞ்சிக் கூத்தாடி வாரம் இருமுறை வந்து அதன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவன் நான். இரண்டாயிரமாவது நாளன்று முதலாளி எனக்குச் சால்வை போர்த்தினார்.

அதே முதலாளி இன்று காலை ஆளனுப்பிக் கூப்பிட்டார். மாரப்பன் முதலாளி நல்ல செய்தியை ஃபோனிலேயே சொல்லிவிடுவார்.

"அர்த்தநாரி, நம்மகிட்ட நூல் வாங்கற கம்பெனிக்காரங்க புதுசா ஒரு ரூல் போட்டிருக்காங்கப்பா. சர்வர அவங்க ஆளு முன்னால ஒருக்கா நிறுத்தி, மறுபடி ஓட்டிக் காட்டோணுமாம். நின்னா எந்திரிக்குதான்னு பாக்கறாங்களாம்."

"அது நிக்கறதே இல்லைங்களே. அப்புறம் எதுக்குங்க எந்திரிக்கோணும்?"

"அதையேதான் அவங்களும் கேக்கறாங்க. ஏழு வருசமா நிறுத்தலைன்னா நல்லா ஓடுதுன்னு அர்த்தமா, இல்ல நிறுத்தறதுக்குப் பயந்துக்கிட்டிருக்கீங்களான்னு. ஆயுத பூசையன்னிக்கு எல்லா மெசினும் நிக்குதல்லோ, அதையும் நிறுத்திப்போடு. விசயதசமியன்னிக்குக் காத்தால ஓட்டிக்கலாம். நீயும் வருசா வருசம் மானிட்டர மட்டும் அணைச்சுப்போட்டுப் பொட்டு வெக்கற. சாமிய ஏமாத்தறதாட்ட இருக்குது."

பழைய டிஸ்க், நின்றால் மறுபடி சுற்றாமல் போகலாம் என்றேன். இது உண்மையான பயம். உண்மையான பயம் என்று இங்கே எழுதிவைக்கிறேன்.

"அப்ப நீ எதுக்குப்பா இருக்கற?" என்றார்.

அக்டோபர் 1, செவ்வாய்

2516.

மதியம் சென்னியப்பன் என் அறைக்கு வந்தார். பட்டறைக்குப் பின்னால் இருக்கும் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தைப் பார்த்துக்கொள்கிறவர். தினமும் தண்ணீர் அளவுகளைக் கொண்டுவந்து கொடுப்பார், நான் கணினியில் ஏற்றுவேன். வந்ததும் வாசலிலேயே நின்று வழக்கமான கேள்வியைக் கேட்டார்.

"சாருங்க, ஃபேன் போட்டுக்கட்டுங்களா? ஒண்ணும் ஆயிராதுங்களே?"

நான் தலையாட்டிய பிறகுதான் சுவிட்சில் கை வைத்தார். அதுவும் துண்டால் விரலைத் துடைத்துக்கொண்டு. அவர் வயது ஐம்பத்தாறு, என்னைவிட ஒன்பது வயது மூத்தவர். பட்டறைக்குள் தன் செல்ஃபோனுக்குக்கூடச் சார்ஜ் போட மாட்டார்.

இதற்கான காரணம் பட்டறையில் எல்லோருக்கும் தெரியும். ஏழு வருஷத்துக்கு முன்பு அவர்தான் இங்கே சாய மாஸ்டர். நூலைச் சன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, சிவப்பு அரை சதவீதம் தூக்கல் என்று சொல்வார். மெஷினில் வைத்து அளந்தால் சரியாக அதே அளவு இருக்கும். ஒரு நாள் ஆய்வகத்தில் மாதிரி நூல் காயவைக்கும் ஓவனை, கூடாது என்று சொல்லியிருந்தும், சர்வரின் யு.பி.எஸ். லைனில் செருகிவிட்டார். சர்வர் பொட்டென்று விழுந்து டிஸ்க் கெட்டுப்போனது. மூன்று நாள் ரெசிப்பி எதுவும் கிடைக்கவில்லை. ஆர்டரை நிறுத்த முடியாமல் அறுநூறு கிலோ அரக்கு நிறத்தை ஞாபகத்திலிருந்தே போட்டார். வாங்கினவர்கள் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அன்றிலிருந்து அவருக்குப் பின்கட்டுதான். ஓவன் ஸ்டோர் ரூமில் பூட்டிக் கிடக்கிறது.

அவர் என்னைக் கோபித்துக்கொண்டதே இல்லை. ஒவ்வோர் ஆயுத பூஜைக்கும் சர்வர் அறைக்கு வந்து, பெட்டிக்குப் பொட்டு வைத்து, கன்னத்தில் போட்டுக்கொண்டு மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போவார். போகும்போது என் சட்டையைப் பார்த்து, "துவைச்சுத் துவைச்சு நீலம் காவாசி போயிருச்சுங்க சாரு" என்பார். இன்றும் சொன்னார். வெளியே போகும்போது நெடுநேரம் இருமினார்.

அக்டோபர் 2, புதன்

2517. காந்தி ஜெயந்தி, விடுமுறை. வீட்டிலிருந்தே ஃபோன் வழியாக சர்வரை இருமுறை பார்த்துக்கொண்டேன். ஓடுகிறது.

மாலையில் மழை. பூங்கோதை வாழைக்காய் பஜ்ஜி போட்டாள். எனக்கு அசிடிட்டி, வேண்டாம் என்றேன்.

"ஏனுங்க, ஏழு வருசமா இதையே சொல்றீங்க. அசிடிட்டிக்கு ஒரு மாத்திரையாச்சும் வாங்கிச் சாப்பிட்டிருக்கீங்களா? மொளகா பஜ்ஜி போட்டா மூணு உள்ள போவுது. வாழைக்காய்தான் ஆவறதில்ல."

சன்னலைச் சாத்த எழுந்து போனேன். மழை நன்றாகப் பெய்தது.

அக்டோபர் 3, வியாழன்

2518. நவராத்திரி தொடக்கம். ஆஃபீசில் சுண்டல்.

நூல் வாங்கும் கம்பெனியின் சார்பில் ஆய்வுக்கு வரப்போகும் யசோதா திருப்பூரிலிருந்து ஃபோன் செய்தார். சர்வரை நிறுத்துவதற்கு எழுத்து வடிவில் முறை ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார். இருக்கிறதா என்றா கேட்கிறீர்கள்? பட்டறையில் உள்ள ஒவ்வொரு கணினிக்கு மேலும் லேமினேட் செய்து ஒட்டியிருக்கிறேன் என்றேன். அந்தச் சம்பவம் நடந்த அடுத்த வாரம் நானே உட்கார்ந்து எழுதியது. அதை இங்கேயும் எழுதிவைக்கலாம், தப்பில்லை.

நிறுத்து என்று சொன்னவுடன் கணினி நின்றுவிடாது. உள்ளே ஓடும் ஒவ்வொரு புரோகிராமுக்கும், கடையைக் கட்டப்போகிறோம், கையிலிருப்பதை முடித்துக்கொள் என்று தகவல் அனுப்பும். சில உடனே கிளம்பிவிடும். சில இதோ இதோ என்று இழுக்கும். அதற்கென்று ஒரு கெடு உண்டு. அதுவரை பொறுத்துப் பார்க்கும், அப்புறம்தான் கழுத்தைப் பிடித்து வெளியேற்றும். இதில் முக்கியமான சங்கதி ஒன்று இருக்கிறது. புரோகிராம்கள் எழுதிவிட்டேன் என்று சொல்வதெல்லாம் உடனே டிஸ்க்கில் எழுதப்பட்டுவிடுவதில்லை. கொஞ்ச நேரம் நினைவகத்திலேயே கிடக்கும். கரண்ட் போனால் அது சுத்தமாகப் போய்விடும். அதனால் கணினி கடைசித் துளி வரைக்கும் டிஸ்க்கில் இறக்கிவிட்டு, டிஸ்க்கை மூடி, அதன் தலைமாட்டில் 'முறையாக மூடப்பட்டது' என்று ஒரு குறி போட்டுவிட்டுத்தான் தன் கரண்ட்டைத் தானே அணைத்துக்கொள்ளும். மறுபடி எழும்போது முதல் வேலையாக அந்தக் குறியைத் தேடும். இருந்தால் நேரே வேலையில் இறங்கும். இல்லையென்றால் எங்கே என்ன கெட்டது என்று மூலைமுடுக்கெல்லாம் துழாவும்.

அறிவிப்பின் கடைசி வரி, பெரிய எழுத்தில்: 'அவசரப்பட்டுப் பொத்தானை அழுத்தாதீர்கள்.'

"சூப்பரா எழுதியிருக்கீங்க சார்" என்றார் யசோதா. "அப்புறம் ஃபார்ம்ல மூணாவது பக்கம் பாருங்க. கடைசியா எப்ப நின்னுச்சு, எதனால நின்னுச்சுன்னு கேட்டிருக்கும்."

"கரண்ட் கோளாறுங்க. ஒரு ஆளு ஓவனச் செருகிப்போட்டாரு."

"சரிங்க சார். அதுக்கு ஆதாரமா ஹார்டுவேர் லாக் ஒரு காப்பி வெச்சிருங்க. போர்டுலயே தனியா ஒரு சிப் இருக்குமில்லைங்களா, கரண்ட் போனது, வந்தது, பொத்தான் அமுத்துனது எல்லாம் அதுல பதிவாயிரும். டிஸ்க்கே போனாலும் அது போகாது."

இருக்கும் என்றேன். இருபது வருஷ அனுபவத்தில் அந்தச் சிப்பை நான் நினைத்துப் பார்த்ததே இல்லை.

சுண்டலில் உப்புக் கம்மி.

அக்டோபர் 4, வெள்ளி

2519. பார்த்தேன். இருக்கிறது.

ஏழு வருஷத்துக்கு முந்தைய நவம்பர் 8, பிற்பகல் 3:21. கரண்ட் போனதாக ஒரு வார்த்தை இல்லை. 'பவர் பொத்தான் நான்கு விநாடி அழுத்தப்பட்டது. இயந்திரம் அணைந்தது' என்று இருக்கிறது. யார் விரல் என்று சிப்புக்குத் தெரியாது. ஆனால் சர்வர் அறைச் சாவி இந்தப் பட்டறையில் ஒரே ஒரு ஆளிடம்தான் உண்டு.

அக்டோபர் 6, ஞாயிறு

2521.

மளிகை வாங்க வேண்டும் என்று பூங்கோதையிடம் சொல்லிவிட்டுப் பட்டறைக்குப் போனேன். வாட்ச்மேன் சலாம் வைத்து, "ஞாயித்துக்கெழமகூட ஒழைக்கறீங்களே சாரு" என்றான்.

பழைய லாக் தேவையில்லாமல் இடத்தை அடைத்துக்கொண்டிருந்தது. அவ்வப்போது சுத்தம் செய்வது நல்ல நிர்வாகம்தானே. அழித்தேன். ஒரு விநாடிகூட ஆகவில்லை. அழித்து முடித்ததும் திரையில் ஒரே ஒரு வரி வந்து உட்கார்ந்தது: 'பதிவுகள் அழிக்கப்பட்டன. அக்டோபர் 6, முற்பகல் 11:20.'

அதை அழிக்க வழியில்லை. அழித்தால், அழித்ததாக இன்னொரு வரி வரும். மூன்று முறை செய்து பார்த்தேன். இப்போது 11:34 என்று இருக்கிறது.

மளிகை வாங்க மறந்துவிட்டேன்.

அக்டோபர் 7, திங்கள்

2522.

இப்போதிருக்கும் சாய மாஸ்டர் தீபாவளியோடு வேறு பட்டறைக்குப் போகிறாராம். முதலாளி சென்னியப்பனைக் கூப்பிட்டிருந்தார். ரெசிப்பி பட்டியல் கேட்டதால் நானும் இருந்தேன்.

"சென்னீப்பா, நீயே மறுபடியும் மாஸ்டரா வந்துரு. பழசெல்லாம் போகுது உடு. உன்ற கண்ணு மாதிரி எவனுக்கு இருக்குது? பின்கட்டுல கெடந்து இருமி இருமிச் சாகப்போறயா?"

"வேண்டாமுங்க மொதலாளி. கண்ணு இருந்து என்னங்க பண்றது, கைராசி இல்லீங்களே. ஆய்வகத்துல பத்து மெசினு கரண்ட்ல ஓடுதுங்க. நாந் தொட்டு இன்னொருக்கா ஏதாச்சும் ஆச்சுன்னா உசுரோட இருக்க மாட்டனுங்க." அப்புறம் கொஞ்சம் தயங்கி, "டாக்டரும் பின்கட்டுப் பொகையில நிக்கக் கூடாதுன்னுட்டாருங்க. தீவாளியோட நின்னுக்கறனுங்க. மருமவன் கோழிப்பண்ணையில காவலுக்கு ஆள் வேணும்னான்" என்றார்.

கோழிப்பண்ணையில் எல்லாமே வெள்ளை நிறம். இதைத்தான் நான் முதலில் நினைத்தேன், ஏனென்று தெரியவில்லை.

"பாத்தியா அர்த்தநாரி, ஒரே ஒரு தப்பு. மனுசன் எப்படி ஒடிஞ்சு போய்ட்டான் பாரு" என்றார் முதலாளி.

"ஆமாங்க" என்றேன்.

அக்டோபர் 9, புதன்

2524.

புதன்கிழமை என்றால் கேண்டீனில் வாழைக்காய் பஜ்ஜி. மூன்றரைக்குள் தீர்ந்துவிடும். வாசனை என் அறை வரைக்கும் வந்தது. கதவைச் சாத்தினேன்.

சரி, எழுதிவிடுகிறேன். அந்த நவம்பர் 8-உம் ஒரு புதன்கிழமைதான். புதிதாக ஒரு நினைவகத் துண்டு சேர்க்க வேண்டியிருந்தது, அதற்காக சர்வரை நிறுத்தச் சொல்லிக் கட்டளை கொடுத்தேன். எல்லாப் புரோகிராமும் கிளம்பிவிட்டன. ரெசிப்பி புரோகிராம் மட்டும் கிளம்பவில்லை. 'எழுதி முடிக்கிறது, காத்திருக்கவும்' என்று திரையில் நின்றது. ஒரு நிமிஷம் பார்த்தேன். மணி மூன்று இருபது. பொத்தானை அழுத்திப் பிடித்தேன். நான்கு விநாடி. கேண்டீனுக்குப் போனேன்.

திரும்பி வந்து பெட்டியைப் போட்டால் எழவில்லை. முதலாளி வருகிற சத்தம் கேட்டது. வெளியே ஆய்வகத்தில் ஓவன் வயர் யு.பி.எஸ். லைனில் செருகியிருந்தது கண்ணில் பட்டது. நான் பொய்கூடச் சொல்லவில்லை. "இதை யாருங்க இங்க செருகுனது?" என்று மட்டும்தான் கேட்டேன். மீதியை எல்லோரும் அவர்களாகவே முடித்துக்கொண்டார்கள். சென்னியப்பன் அழுதார். அவரே நம்பிவிட்டார்.

அன்றைய டைரியை இன்று எடுத்துப் பார்த்தேன். 'சென்னியப்பன் கவனக்குறைவால் சர்வர் கோளாறு. மிகுந்த வேலை' என்று என் கையெழுத்தில் இருக்கிறது. என் டைரியில்கூட நான் எனக்கு உண்மையைச் சொல்லிக்கொள்ளவில்லை.

வெட்கமாக இருக்கிறது.

அக்டோபர் 10, வியாழன்

2525. நாளைக்குச் சென்னியப்பனிடம் சொல்லிவிடுவேன். மறுநாள் டிஸ்க் எழாமல் போனால் அந்தக் களேபரத்தில் சொல்ல வேண்டிய நெருக்கடியே வராது என்றும் ஒரு யோசனை வந்தது. அதையும் எழுதிவைக்கிறேன்.

அக்டோபர் 11, வெள்ளி, ஆயுத பூஜை

2526. கடைசி.

பட்டறை கழுவி விட்ட தரையோடு அமைதியாக இருந்தது. சாயத் தொட்டிகளுக்கெல்லாம் விபூதிப் பட்டை, சந்தனம், குங்குமம். முதலாளி பட்டு வேட்டி. யசோதா பத்து மணிக்கே வந்துவிட்டார், முப்பது வயதிருக்கும், கையில் படிவம். பூஜை முடிந்து பொரிகடலை கொடுத்த பிறகு எல்லோரும் சர்வர் அறை வாசலில் கூடினார்கள்.

கட்டளையைக் கொடுத்தேன். திரையில் வரிகள் ஓடின. அஞ்சல் நின்றது, வருகைப்பதிவு நின்றது, பிரிண்டர் நின்றது. ரெசிப்பி புரோகிராம் நிற்கவில்லை. 'எழுதி முடிக்கிறது, காத்திருக்கவும்.'

அதே வரி. என் கட்டைவிரல் தானாகப் பொத்தான் பக்கம் போனது. கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன்.

"நின்னு போச்சா?" என்றார் முதலாளி.

"இல்லீங்க. கையில வெச்சிருக்கறத எறக்கி வெக்குது. முடிச்சுக்கட்டும்."

யசோதா கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். யாரோ பொரி மெல்லும் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு அந்த வரி போனது. டிஸ்க் மூடப்பட்டது என்று வந்தது. விளக்குகள் ஒவ்வொன்றாக அணைந்தன, கடைசியில் விசிறியும் நின்றது. அந்த இரைச்சல் இல்லாத அறை எப்படி இருக்கும் என்பதே எனக்கு மறந்துபோயிருந்தது.

"நாலு நிமிஷம் பத்து செகண்ட் சார்" என்று சொல்லிப் படிவத்தில் எழுதிக்கொண்டார் யசோதா. "எவ்வளவு சுத்தமா மூடுச்சு பாத்தீங்களா?"

நாலு நிமிஷம் பத்து விநாடி. அன்று பொறுத்திருந்தால் கேண்டீனுக்கு மூன்று இருபத்தைந்துக்குப் போயிருப்பேன். பஜ்ஜியும் இருந்திருக்கும்.

சென்னியப்பன் தட்டோடு உள்ளே வந்தார். பெட்டிக்குச் சந்தனம் வைத்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். "அன்னிக்குப் பண்ணுன தப்ப மறந்துரு சாமி. நாளைக்குக் காத்தால நல்லபடியா கண்ணு முழிச்சுக்கோ" என்றார். நான் அதற்கு மேல் தாங்கமாட்டாமல் அப்போதே சொல்லிவிட்டேன். முதலாளி, யசோதா எல்லோர் முன்னாலும் சொன்னேன். ஓவன் இல்லை, கரண்ட் இல்லை, நான்தான் பொத்தானை அழுத்தினேன் என்றேன்.

சென்னியப்பனுக்குக் கண் கலங்கிவிட்டது. "பாத்தீங்களா மொதலாளி" என்றார். "நான் மாஸ்டர் வேலை வேண்டாம்னதுக்கோசரம் சாரு பழியத் தன் தலையில எடுத்துப் போட்டுக்கறாரு. இந்த மனசு யாருக்குங்க வரும்?"

"இல்லீங்க, நெசமாலுமே நான்தான்..."

"அட போப்பா" என்று முதலாளி என் தோளில் தட்டினார். "நல்ல நாளும் அதுவுமா. உன்னயப் பத்தி எனக்குத் தெரியாதா?"

தட்டிலிருந்து குங்குமம் எடுத்துச் சென்னியப்பன் எனக்கே பொட்டு வைத்துவிட்டார். உண்மையைச் சொன்னதற்குக் கிடைத்தது இது.

அக்டோபர் 12, சனி, விஜயதசமி

0.

விடிந்ததும் எழுந்து முகம் கழுவும்போது பூங்கோதை கேட்டாள். "எந்திரிக்குமா?"

"டிஸ்க்கா?"

"டிஸ்க்குத்தான்" என்றாள். வேறு எதையோ கேட்டாள் என்பது புரிந்தது. டைரியைப் படித்திருக்கிறாள், இனிமேல் அதைப் பூட்டி வைக்கவும் தேவையில்லை.

எட்டு மணிக்குப் பொத்தானை ஒருமுறை தொட்டேன். விசிறி சுற்றியது. தன்னைத் தானே சோதித்துக்கொண்டது. டிஸ்க்கைத் தேடிக் குறியைப் படித்தது: 'முறையாக மூடப்பட்டது.' புரோகிராம்கள் வரிசையாக எழுந்தன. முதலில் டிஸ்க், பிறகு நெட்வொர்க், ரெசிப்பி எல்லாவற்றுக்கும் கடைசியில். மூன்றே நிமிஷம். ஏழு வருஷமாக நான் பயந்த பயம் மூன்று நிமிஷத்தில் முடிந்தது. முதலாளி கைதட்டினார்.

யசோதா ஹார்டுவேர் லாக்கைத் திறந்தார்.

"சார், நேத்து நிறுத்துனதும் இன்னிக்கு ஓட்டுனதும் தவிர இதுல ஒண்ணுமே இல்லீங்களே. அதுக்கு முன்னால அக்டோபர் ஆறு, 11:34, அழிக்கப்பட்டதுன்னு மட்டும்தான் இருக்கு. போன ஞாயித்துக்கிழமை. யாருங்க அழிச்சது?"

"நான்தானுங்க. பொத்தான் அமுத்துனது அதுல இருந்துச்சு. அதுனால."

முதலாளியின் முகம் கொஞ்சம் மாறியது. ஆனாலும் சென்னியப்பன் விடவில்லை. "எடத்த அடைச்சிருக்கும், சுத்தம் பண்ணிருப்பாருங்க" என்று எனக்காக வாதாடினார். எனக்கு ஆத்திரம் வந்துவிட்டது. ஒரு மனிதரின் மேல் போட்ட பழியை எடுக்கப் போனால் அவர் கெட்டியாகப் பிடித்துக்கொள்கிறார். உண்மையைச் சொல்லக்கூடிய ஒரே சாட்சியையும் நானே துடைத்து வைத்திருக்கிறேன்.

ஸ்டோர் ரூமுக்குப் போய் ஓவனை நானே சுமந்துகொண்டு வந்தேன். தூசு படிந்து சட்டையெல்லாம் பாழானது. ஆய்வக மேசையில், அன்றைக்கு இருந்த அதே இடத்தில் வைத்தேன்.

"செருகுங்க" என்றேன் சென்னியப்பனிடம்.

அவர் இரண்டடி பின்னால் போனார். "ஐயோ வேண்டாமுங்க சாரு! இப்பத்தான கண்ணு முழிச்சுது!"

"அதே லைன்தானுங்களா?" என்று யசோதா கேட்டார். அதே லைன், அதே யு.பி.எஸ்., பாட்டரி மட்டும் மாற்றியது என்றேன். "கரண்ட் இருக்கறப்ப ஓவர்லோடு ஆகறதுக்கும் பாட்டரிக்கும் சம்பந்தமில்லீங்க. அப்ப அன்னிக்கு விழுந்திருந்தா இன்னிக்கும் விழணும்" என்றார் அவர்.

"செருகுங்கண்ணா" என்றேன். இத்தனை வருஷத்தில் அவரை அண்ணா என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

அவர் முதலாளியைப் பார்த்தார். முதலாளி தலையசைத்தார். துண்டால் விரலைத் துடைத்தார். பிளக் இரண்டு முறை வழுக்கியது. மூன்றாவது முறை செருகி, கண்ணை இறுக்க மூடிக்கொண்டு சுவிட்சைப் போட்டார்.

ஓவனின் சிவப்பு விளக்கு எரிந்தது. சர்வரின் விசிறி ஒரே சுருதியில் இரைந்துகொண்டிருந்தது. யு.பி.எஸ். முகப்பில் முள் பாதிகூட ஏறவில்லை.

அவர் கண்ணைத் திறந்தார். ஓவனைப் பார்த்தார், சர்வர் அறையைப் பார்த்தார். சூட்டைக் கூட்டி வைத்துவிட்டு நின்றார். கால் மணி நேரம் அப்படியே நின்றார். நாங்களும் நின்றோம். ஓவன் சூடானது, ஏழு வருஷத் தூசு கருகி நாற்றம் வந்தது. வேறொன்றும் நடக்கவில்லை.

"எதுக்குங்க சாரு அமுத்துனீங்க?"

"பஜ்ஜிங்க. மூணரைக்குள்ள தீந்துரும்னு."

முதலாளி சிரிக்க வாயைத் திறந்தார், சிரிக்கவில்லை. சென்னியப்பன் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார். ஒரு நூலைச் சன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கிற அதே பார்வை.

"கெடச்சுதுங்களா?" என்றார்.

"ரெண்டு."

அவர் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனார். ஓவனை அணைக்கவில்லை. நான்தான் அணைத்தேன்.

அக்டோபர் 14, திங்கள்

2.

முதலாளி என்னை வேலையை விட்டு அனுப்பவில்லை. "உன்னய அனுப்பிப்போட்டா அந்தப் பெட்டிய யாரு பாக்கறது? அது ஒண்ணுதான் உன்னயக் காப்பாத்துச்சு" என்றார். இதைவிட நாலு வார்த்தை திட்டியிருக்கலாம். சால்வையைத் திருப்பிக் கொடுக்கட்டுமா என்று கேட்டேன். நூல் நல்ல நூல், வைத்துக்கொள் என்றார்.

படிவத்தின் மூன்றாம் பக்கத்தை நிரப்பினேன். கடைசியாக எதனால் நின்றது: பொத்தான் அழுத்தப்பட்டது. அழுத்தியவர்: அர்த்தநாரி. இரண்டு பிரதி எடுத்து, ஒன்றை ஆய்வகச் சுவரில், என் லேமினேட் அறிவிப்புக்குப் பக்கத்திலேயே ஒட்டினேன். முதலாளி ஒட்டச் சொல்லவில்லை.

சென்னியப்பன் இன்று காலை ஆய்வகத்துக்கு வந்துவிட்டார். மாஸ்டர் வேலையை ஒப்புக்கொண்டாரா என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. சன்னலோரம் நின்று அரக்கு நூல் ஒன்றைப் பார்த்துக்கொண்டிருந்தார், அவர் ஃபோன் மேசைமேல் சார்ஜில் கிடந்தது. வணக்கம் சொன்னேன். என் சட்டையைப் பார்த்தார். புதுச் சட்டை. மறுபடி நூலுக்கே திரும்பிவிட்டார்.

பதினொரு மணிக்கு ரெசிப்பி கேட்டு என் அறைக்கு வந்தார். வாசலில் நிற்கவில்லை. நேராகச் சுவிட்சுக்குப் போனார், ஃபேனைப் போட்டு ஐந்தில் வைத்தார். மேசையிலிருந்த காகிதங்களெல்லாம் அறை முழுக்கப் பறந்தன. அவர் கண்ணைத் திரையிலிருந்து எடுக்காமல் நின்றுகொண்டிருந்தார். நான் குனிந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கினேன்.